அளந்து பார்க்காமல் விற்றுவிடாதே

அன்புள்ள சேகர்,

உன் கடிதமும் படங்களும் வந்தன. விபத்தில் தோளில் சிராய்ப்போடு தப்பினாயே, அதுவே போதும். வண்டியைப் பார்த்ததும்தான் வயிற்றைப் பிசைந்தது. நாலு வருஷம் ராத்திரி கண் விழித்து நீயே பாகம் பாகமாகக் கட்டிய காரல்லவா! ஆனால் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று எழுதியிருக்கிறாயே, அவசரப்படாதே.

படத்தில் கோரமாகத் தெரிவது மூக்கும் மட்கார்டும். இரண்டும் ஃபைபர் கிளாஸ், புதிது வாங்கி மாட்டிவிடலாம். அலுமினியத் தகடும் ரிவெட்டைத் துளைத்தால் கழன்று வரும். 1957-இல் வந்த லோட்டஸ் செவன் என்ற சின்ன பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் காலத்திலிருந்தே இந்த வகை வண்டிக்கு உயிர் உள்ளே இருக்கும் குழாய்ச் சட்டம்தான். அது எப்படி இருக்கிறது என்று நீ இன்னும் பார்க்கவே இல்லை.

தகட்டைக் கழற்றிவிட்டு, முன் சஸ்பென்ஷன் பிராக்கெட்டிலிருந்து (சஸ்பென்ஷனைச் சட்டத்தோடு பிடிக்கும் துண்டு) எதிர்ப்பக்கத்துப் பின் பிராக்கெட்டுக்குக் குறுக்காக டேப் பிடி. மறுபக்கமும் அப்படியே. கட்டும்போது எழுதிவைத்த நோட்டோடு ஒப்பிடு. உயரத்தையும் நாலு மூலையிலும் அள. சட்டம் முறுக்கியிருந்தால் குறுக்களவை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

மூன்று வருஷத்துக்கு முன் என் வண்டியின் சக்கரம் நடைபாதை ஓரக்கல்லில் இடித்தது நினைவிருக்கிறதா? வெளியே ஒன்றும் தெரியவில்லை. கீழ் பிராக்கெட் பெயின்டில் மட்டும் தலைமுடி போல ஒரு கோடு. சுரண்டிவிட்டு, விரிசல் பார்க்கும் சிவப்புச் சாயத்தை அடித்துத் துடைத்து, மேலே வெள்ளைப் பொடியை ஸ்பிரே செய்தேன். சிறிது நேரத்தில் வெல்டிங் ஓரம் முழுக்க சிவப்புக் கோடு கசிந்து வந்தது. அன்று பார்க்காமல் ஓட்டியிருந்தால் சக்கரம் தனியாகப் போயிருக்கும். உன் வண்டியில் ஒவ்வொரு பிராக்கெட்டையும் அப்படிப் பார்த்துவிடு.

சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் கையான இடது விஷ்போன் வளைந்தது ஒரு வகையில் நல்லது, மோதிய வேகத்தில் ஒரு பங்கை அது வாங்கிக்கொண்டது. சூடுபடுத்தி நிமிர்த்த மட்டும் யாரையும் விடாதே. புதிது போடு. ஸ்டீயரிங் ராக், ஹப் பேரிங், ரிம் எல்லாவற்றையும் சந்தேகத்தோடு பார். சீட் பெல்ட் பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றிவிடு. ஒரு முறை உன்னைத் தாங்கி இழுபட்ட பட்டை அது.

முன்பக்கத்தில் ஒன்றிரண்டு குழாய் மடங்கியிருந்தால் வெட்டி அதே கனத்தில் புதுக்குழாய் வைக்கலாம். வெட்டுவதற்கு முன் குறுக்கே தற்காலிகக் கம்பிகளைப் பற்றவைத்துக்கொள், இல்லாவிட்டால் சட்டம் விலகிவிடும். நீ உட்காரும் இடத்துக்கு முன்னால் உள்ள சட்டமே நகர்ந்திருந்தால் மட்டும் புது சேஸிதான், அதாவது முழுச் சட்டத்தையே மாற்றுவதுதான் வழி. அப்போதும் எஞ்சின், கியர்பாக்ஸ், பின் அச்சு அப்படியே மாறி உட்காரும். ஆனால் சேஸி எண் மாறினால் பதிவு என்னாகும் என்று முதலிலேயே விசாரித்துக்கொள்.

இன்ஷூரன்ஸ்காரர் வரும்போது ரசீதுகளையும் கட்டிய காலத்துப் படங்களையும் எடுத்து வை. இந்த மாதிரி வண்டியை அவர் அதிகம் பார்த்திருக்க மாட்டார். ஒர்க்‌ஷாப் கூலிக் கணக்குப் போட்டால் சின்ன அடிகூட முழு நஷ்டமாகிவிடும். ஒவ்வொரு போல்ட்டையும் மாட்டியவன் நீ, உனக்கு அந்தக் கணக்கு இல்லை.

என் கியர்பாக்ஸ் இன்னும் மேசை மேல்தான் கிடக்கிறது. அது காத்திருக்கட்டும். அடுத்த சனிக்கிழமை டேப்பும் சாய டப்பாவும் எடுத்துக்கொண்டு வருகிறேன். அதுவரை யாரிடமும் விலை பேசாதே.

அன்புடன்,
ரவி