அண்ணாவுக்கு, படிவத்தில் விடுபட்ட இடத்தைப் பற்றி

அன்புள்ள அண்ணா,

நேற்று, 2025 செப்டம்பர் 12 அன்று, மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளராக இருந்த தோழர் சீத்தாராம் யெச்சூரி மறைந்து ஓராண்டு நிறைந்தது. அதே நாளில் என் உடல் தானப் படிவத்தைப் பூர்த்தி செய்தேன். அம்மா இருந்தவரை இதைச் செய்யும் துணிவு எனக்கு வரவில்லை. என் தொலைபேசி அழைப்புகளை எடுக்காத நீங்கள் நான் எழுதுவதை மட்டும் படிக்கிறீர்கள் என்று அண்ணி சொன்னதால்தான் இதை எல்லோரும் காணும்படி எழுதுகிறேன். சித்தப்பா வீட்டாரும் படிப்பார்கள். ஆகவே அன்று மாடியில் யார் என்ன சொன்னார்கள் என்பதற்குள் நான் போகவில்லை. சொன்னவர் யாராக இருந்தாலும், செய்தது நான்.

அப்பா இறந்த அன்று, தில்லி முனிர்க்கா வீட்டின் மாடிப்படி அடியில் நீங்கள் நின்ற அந்த பிப்ரவரிக் காலை எனக்கு இன்னும் விலகவில்லை. மேற்கு வங்கத்தின் முன்னாள் முதல்வர் ஜோதி பாசுவின் உடல் கொல்கத்தா வீதிகளின் வழியே மருத்துவமனைக்குத் தானமாகக் கொண்டு செல்லப்பட்டதை 2010 ஜனவரி 19 அன்று தொலைக்காட்சியில் பார்த்த அப்பா, தனக்கும் அதையே செய்ய வேண்டும் என்று நாட்குறிப்பில் எழுதி வைத்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. 1968 செப்டம்பர் 19 அன்று மத்திய அரசு ஊழியர் வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டதற்காகத் தண்டனை பெற்றும் வருத்தப்படாத மனிதர் அவர். எழுதியதை யோசிக்காமல் எழுதியிருக்க மாட்டார். நீங்கள் படிவத்தை நீட்டி, பேனாவின் மூடியைத் திறந்து என் கையில் கொடுத்தீர்கள். நான் மூடியைப் போட்டு அதை உங்கள் சட்டைப்பையில் செருகினேன். ஒன்றும் பேசாமல் திரும்பி வண்டி ஓட்டுநரிடம் லோதி சாலை மயானத்துக்குப் போகச் சொன்னேன். பேனாவைச் செருகியபோது என் விரலில் பட்ட உங்கள் நெஞ்சின் துடிப்பு இன்னும் அங்கேயே இருக்கிறது.

என்னை மன்னியுங்கள். ஆனால் அம்மா அன்று சுவரில் தலையை மோதிக்கொண்டிருந்தார் என்பதையும், மூன்று ஆண்டுகள் அப்பாவைக் குளிப்பாட்டித் துடைத்தவள் நான் என்பதையும், நீங்கள் மயானத்தின் வாசலோடு திரும்பிவிட்டதால் மூத்த மகன் நிற்க வேண்டிய இடத்தில் சித்தப்பா மகன் நின்றான் என்பதையும் சொல்லாமல் என்னால் மன்னிப்புக் கேட்க முடியவில்லை. கொள்கைக்காக வாசலில் நின்றீர்கள் என்று உங்கள் தோழர்கள் நினைக்கலாம். அப்பா அதற்குள் தனியாகத்தான் போனார்.

அப்பாவுக்கு யெச்சூரியின் மீது இருந்த கோபமும் பிரியமும் உங்களால் வந்தவை. சி.பி.எஸ்.இ. தேர்வில் நாட்டிலேயே முதலிடம் பெற்ற பையன், நெருக்கடி நிலையில் கைதாகி முனைவர் பட்ட ஆய்வை முடிக்காமலே விட்டான் என்று அவர் சொல்லும்போது, ஆய்வை நடுவில் விட்ட உங்களைத்தான் சொன்னார். இந்திரா காந்தி பக்கத்தில் நிற்க, ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழக (ஜே.என்.யூ.) வேந்தர் பதவியிலிருந்து அவர் விலக வேண்டும் என்ற மனுவை 1977இல் யெச்சூரி வாசிக்கும் புகைப்படம் கூடத்துச் சுவரிலிருந்து ஒரு நாளும் இறக்கப்படவில்லை. அந்தக் கூட்டத்தின் பின்வரிசையில் நீங்கள் நின்றீர்கள் என்பதே அவருக்குப் போதுமானதாக இருந்தது. யெச்சூரியை மன்னிப்புக் கேட்க வைத்த காட்சி என்று அதே படத்தைப் பொய்யாகப் பரப்புகிறவர்களுக்கு, இன்றும் நான் ஒவ்வொருவராகப் பதில் எழுதுகிறேன்.

2008இல் அமெரிக்காவுடனான அணுசக்தி ஒப்பந்தத்துக்காகக் கட்சி மன்மோகன் சிங் அரசுக்கான ஆதரவை விலக்கியதைப் பற்றி நாம் போட்ட சண்டையில் நான் இன்றும் மாறவில்லை. மக்களவையில் கட்சிக்கு இருந்த 43 இடங்கள் அடுத்த தேர்தலில் 16 ஆயின. மாற்றுக் கட்சிக்காரர்களோடு உட்கார்ந்து பேசத் தெரிந்த யெச்சூரியை வைத்துக்கொண்டு உறவை முறித்துக்கொண்டது தவறு என்றே கருதுகிறேன். அவரோ 2019 ஆகஸ்டில், அடைத்து வைக்கப்பட்டிருந்த காஷ்மீர்த் தலைவர் தோழர் தாரிகாமியைப் பார்க்க உச்ச நீதிமன்றத்தின் அனுமதி பெற்று ஸ்ரீநகர் வரை போனார். அவருடைய கட்சியில் இத்தனை ஆண்டுகள் முழுநேர ஊழியராக இருந்த உங்களுக்கு, அதே தில்லியில் கோல் மார்க்கெட்டிலிருந்து முனிர்க்கா வரை வருவதற்குப் பதினைந்து ஆண்டுகளாக என்ன தடை?

2021 செப்டம்பரில் யெச்சூரியின் தாயார் கல்பகம் அம்மையாரின் உடல் எய்ம்ஸுக்கு அளிக்கப்பட்டது என்ற செய்தியை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். யெச்சூரி தன் மூத்த மகனைக் கொரோனாவுக்குப் பறிகொடுத்த அதே ஆண்டு அது. அம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "உங்கப்பாவும் இதைத்தானே கேட்டார்" என்றார். அதை அப்போதே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நான் தோற்றுவிடுவேன் என்று பயந்தேன்.

சென்ற ஆண்டு செப்டம்பர் 14 அன்று யெச்சூரிக்கு அஞ்சலி செலுத்த, கட்சித் தலைமையகமான ஏ.கே.ஜி. பவன் வரிசையில் நானும் நின்றேன். நீங்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தீர்கள். முகம் மிகவும் இளைத்திருந்தது, அண்ணா, சாப்பிடுகிறீர்களா? அவர் உடலை எய்ம்ஸுக்கு எடுத்துச் செல்லப் புறப்பட்டபோது உங்கள் பார்வை ஒரு கணம் என் பக்கம் வந்து போனது. கூப்பிட நினைத்தேன். சுற்றிலும் உங்கள் தோழர்கள் இருந்தார்கள்.

நாம் கையொப்பமிட்டு வைத்தாலும், இறந்த பிறகு உடலை ஒப்படைக்க வேண்டியவர்கள் உறவினர்கள்தான் என்பதை என்னைவிட நன்றாக அறிந்தவர் யார்? நெருங்கிய உறவினர் கையொப்பமிட வேண்டிய இடத்தை விட்டு வைத்திருக்கிறேன். அப்பாவின் நாட்குறிப்போடு படிவமும் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஞாயிறு காலை வீட்டில்தான் இருப்பேன். உங்கள் பேனாவைக் கொண்டு வாருங்கள்.

உங்கள் தங்கை