முகாம் வாசலில் போர்டு வைக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நேற்று வாட்ஸ்அப் குரூப்பில் வெள்ள முகாமுக்காக நீ போட்ட லிஸ்ட்டைப் பார்த்தேன். பாய், பெட்ஷீட், பால் பவுடர், நாப்கின், கொசுவர்த்தி, குளோரின் மாத்திரை, போன தடவை எல்லாரும் மறந்துபோன டார்ச் பேட்டரி வரைக்கும் இருக்கிறது. மழைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கும்போதே இவ்வளவு யோசித்து வைத்திருக்கிறாயே என்று சந்தோஷமாகப் படித்துக்கொண்டே வந்தவள் கடைசி வரியில் நின்றுவிட்டேன். “குடித்துவிட்டு வருபவர்களுக்கு முகாமில் இடம் இல்லை. 2023-ல் வைத்த அதே போர்டு இந்த வருஷமும்.” கீழே பதினேழு பேர் கைதட்டியிருந்தார்கள். அதில் ஒன்று எங்கள் அண்ணி. அவர் ஏன் கைதட்டினார் என்று எனக்குத் தெரியும், அதைப் பிறகு சொல்கிறேன்.

குரூப்பிலேயே பதில் போட்டிருக்கலாம், ஆனால் அங்கே நான் நாலு வரி எழுதுவதற்குள் யாராவது குட் மார்னிங் படம் போட்டுவிடுவார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன். அண்ணனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். “பேரை மட்டும் போடாதே, மத்ததெல்லாம் எழுது” என்றார்.

உனக்கு அண்ணனை இப்போது இருக்கிற மாதிரிதான் தெரியும். 2020-ல் அவர் தினமும் குடிப்பவர். பெயின்டர் வேலை. காலையில் எழுந்ததும் ஒரு கட்டிங் போட்டால்தான் கை நிற்கும், கை நின்றால்தான் பிரஷ் பிடிக்க முடியும், பிரஷ் பிடித்தால்தான் சாயங்காலம் காசு. அந்த வருஷம் மார்ச் 24-ம் தேதி சாயங்காலம் 144 போட்டார்கள், டாஸ்மாக் மூடியது. கையில் இருந்ததை வைத்து இரண்டு நாள் ஓட்டினார். அப்புறம் ஒன்றும் இல்லை. வீட்டில் எல்லாருக்கும் உள்ளூர மகிழ்ச்சி, அம்மா “கொரோனாவால ஒரு நல்லதாவது நடந்துச்சு” என்றே சொன்னார். முதல் நாள் கை நடுக்கம், வியர்வை, வாந்தி, ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. “ரெண்டு நாள் கஷ்டப்படட்டும், சரியாயிடும்” என்றோம். இரண்டாவது நாள் ராத்திரி ஃபிட்ஸ் வந்தது. மூன்றாவது நாள் சுவரில் எறும்பு எறும்பாக ஊர்வதாகச் சொல்லித் தட்டிக்கொண்டே இருந்தார், வாசலில் போலீஸ் நிற்கிறது என்று பின்பக்கம் ஓடப் பார்த்தார். எதிர்வீட்டுப் பாட்டி காத்து கருப்பு என்றார். நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா, புடவையால் கட்டிப்போட்டோம்.

முதலில் போன தனியார் ஆஸ்பத்திரியில் உடம்பு சுடுகிறது, கொரோனா டெஸ்ட் எடுக்காமல் உள்ளே விட மாட்டோம் என்றார்கள். அங்கிருந்து அரசு ஆஸ்பத்திரி. அங்கே இருந்த சின்ன வயது டாக்டர் அம்மாதான் முதல் கேள்வியாக, “கடைசியா எப்போ குடிச்சார்?” என்று கேட்டார். அதுவரைக்கும் நாங்கள் உட்பட யாருக்கும் அந்தக் கேள்வி தோன்றவில்லை. குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்னால் தயமின் ஊசி, அதாவது வைட்டமின் பி1, போடச் சொன்னார். நாள்பட்டுக் குடிப்பவர்கள் உடம்பில் அது வற்றிப்போயிருக்கும், அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளையே பாதிக்கலாம் என்று விளக்கினார். நரம்பை அமைதிப்படுத்த லோரசெபாம். ஐந்து நாள் கழித்துத்தான் அண்ணன் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

அந்த டாக்டர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். கயிறு இழுக்கும் போட்டி மாதிரி. குடி ஒரு பக்கம் மூளையை மந்தமாக்கி இழுத்துக்கொண்டே இருக்கிறது, வருஷக்கணக்கில் மூளை தன் பலத்தையெல்லாம் கூட்டி எதிர்ப்பக்கம் இழுத்துப் பழகிவிட்டது. திடீரென்று இந்தப் பக்கம் கயிற்றை விட்டுவிட்டால் அந்தப் பக்கம் இருப்பவன் மல்லாக்க விழுவான் இல்லையா, அதுதான் நடுக்கம், வலிப்பு, பிதற்றல் எல்லாம். கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் நடுக்கம் தொடங்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது நாளிலிருந்து நாலாவது நாளுக்குள் ஆள் தெரியாத பிதற்றல் வரலாம், கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். எல்லாருக்கும் இவ்வளவு தூரம் வராது, ஆனால் யாருக்கு வரும் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. முன்னால் ஒரு தடவை ஃபிட்ஸ் வந்தவர் என்றால் இன்னும் ஜாக்கிரதை.

இப்போது உன் முகாமை யோசித்துப் பார். முதல் நாள் தண்ணீர் ஏறுகிறது, படகில் ஆட்களை மீட்கிறீர்கள். இரண்டாவது நாள் ஸ்கூலில் இடம் பிடித்துச் சமையல் ஆரம்பிக்கிறீர்கள். அதாவது நீ பாய் விரித்து எல்லாரையும் உட்கார வைக்கிற நேரமும், அந்தக் கூட்டத்தில் தினமும் குடிக்கிற ஆளுக்கு ஃபிட்ஸ் வருகிற நேரமும் ஒன்று. உன் போர்டு வாடையைத்தான் பிடிக்கும். ஆபத்தில் இருப்பவனிடம் வாடையே இருக்காது, ஏனென்றால் அவன் குடித்து இரண்டு நாள் ஆகியிருக்கும்.

இதை நான் கற்பனையில் சொல்லவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, முடிச்சூரில் நம் தெருவெல்லாம் இடுப்பளவு தண்ணீர், நாங்களும் உன் முகாமில்தான் இருந்தோம். மூன்றாவது வகுப்பு அறையில் மூலையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? நடுங்கிக்கொண்டே இருந்தார், நனைந்த குளிர் என்று நீயே உன் ஜெர்க்கினைக் கழற்றிக் கொடுத்தாய். நல்ல மனசு. அண்ணன்தான் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, “இது குளிர் இல்ல” என்றார். பக்கத்தில் போய் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டதற்கு அவர், “நான் குடிக்கறதே இல்லப்பா” என்று சொல்லிக்கொண்டே வாசலைப் பார்த்தாராம். வாசலில் உன் போர்டு. அந்த மழையில் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று பயம். அண்ணன் தன் கதையைச் சொன்ன பிறகுதான் உண்மை வந்தது. ராத்திரியோடு ராத்திரியாக டிராக்டரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உன்னிடம் “பெரியவருக்கு ஜுரம்” என்றுதான் சொன்னோம். மன்னித்துக்கொள்.

குடிக்க வழியில்லாமல் போகிற ஆள் சும்மா இருக்க மாட்டான் என்பதும் அந்த 2020-ல் பார்த்ததுதான். ஏப்ரல் முதல் வாரத்தில் புதுக்கோட்டை மாவட்டம் கோட்டைப்பட்டினத்தில் ஷேவிங் லோஷனைக் குளிர்பானத்தில் கலந்து குடித்து மீனவர்கள் செத்தார்கள். அடுத்து செங்கல்பட்டில் பெயின்ட்டையும் வார்னிஷையும் கலந்து குடித்து மூன்று பேர். அந்தச் செய்தி வந்த அன்று, ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணன் வீட்டுக்கு வந்து சில நாள்தான் ஆகியிருந்தது, அண்ணி ஒன்றும் பேசாமல் வீட்டிலிருந்த தின்னர், வார்னிஷ் டின்னையெல்லாம் கோணியில் போட்டு என் வீட்டு மாடிக்குக் கொண்டுவந்து வைத்தார். உன் லிஸ்ட்டில் சானிடைசர் ஐந்து லிட்டர் கேன் இருக்கிறது பார், அதைப் பூட்டி வை. தமாஷாகச் சொல்லவில்லை.

கேரளாவில் அப்போது டாக்டர் சீட்டு இருந்தால் குடிநோயாளிகளுக்குச் சரக்கு கொடுக்கலாம் என்று அரசே உத்தரவு போட்டது. டாக்டர்கள் கொதித்தார்கள், இதற்கு மாத்திரையும் சிகிச்சையும் இருக்கும்போது சாராயத்துக்குச் சீட்டு எழுதச் சொல்வதா என்று. உயர் நீதிமன்றம் தடை போட்டுவிட்டது. எனக்கும் டாக்டர்கள் சொன்னதுதான் சரியென்று படுகிறது, ஆனாலும் மூடுவதற்கு முன்னால் இவர்கள் என்ன ஆவார்கள் என்று கேரளாவில் யாரோ ஒருவராவது யோசித்திருக்கிறார்களே என்றும் தோன்றியது. இங்கே கடையைத் திறப்பதா மூடுவதா என்றுதான் சண்டை, மே 7 திறந்து, நீதிமன்றம் மூடச்சொல்லி, மறுபடி திறந்து, சென்னையில் மட்டும் ஆகஸ்ட் 18 வரைக்கும் இழுத்தது. சிகிச்சை பற்றி அந்தச் சண்டையில் ஒருவரும் வாயைத் திறந்ததாக எனக்கு நினைவில்லை.

சாராயம் மட்டும் என்று நினைக்காதே. அமெரிக்காவில் 2005-ல் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தபோது, ஹெராயினிலிருந்து மீள தினமும் கிளினிக்குக்குப் போய் மெத்தடோன் வாங்கிக் குடித்தவர்கள், கிளினிக்கே மூடிப்போய் ஊர் ஊராக அலைந்தார்கள். நம் நாட்டிலும் அதே மாதிரி சிகிச்சைக்குக் கொடுக்கிற பியூப்ரனார்ஃபின் மாத்திரையைக் கொரோனாவுக்கு முன்னால் பல மையங்களில் தினமும் போய்த்தான் வாங்க வேண்டியிருந்தது. கொரோனா சமயத்தில் வீட்டுக்கே பல நாள் மாத்திரை கொடுக்க அனுமதித்தார்கள், அதனால் பலர் தப்பித்தார்கள். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை நனைந்துவிட்டதா என்று நீ கேட்கிறாய் இல்லையா, அதே மூச்சில் “வேற ஏதாவது மாத்திரை?” என்றும் கேள். எல்லார் முன்னாலும் கேட்காதே. தனியாக, ஒருவர் மட்டும் கேட்கட்டும். அதற்கு அண்ணன் வருகிறேன் என்கிறார்.

யாராவது தினமும் குடிப்பவர் என்று தெரிந்தால் “இதோட விட்டுடு” என்று முகாமில் வைத்துச் சபதம் வாங்காதே. அதற்கு இடம் அது இல்லை. கட்டிப்போடாதே, நாங்கள் செய்த தப்பு. மெடிக்கல் ஷாப்பில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்காதே. ஃபிட்ஸோ, உளறலோ, நிற்காத வாந்தியோ வந்தால் 108, கூப்பிடும்போதே கடைசியாக எப்போது குடித்தார் என்றும் சொல்லிவிடு. மற்றபடி ஆலோசனைக்கு போதை மீட்புக்கான இலவச எண் 14446, மனநல உதவிக்கு 14416, இரண்டையும் போர்டு இருக்கிற இடத்தில் எழுதி வை.

சரி, அண்ணி விஷயம். குடித்துவிட்டுச் சத்தம் போடுபவனைப் பெண்களும் குழந்தைகளும் படுத்திருக்கிற ஹாலில் விடு என்று நான் சொல்லவே இல்லை. சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கத் தற்காலிகக் குடியிருப்புகளில் பெண்கள் பட்ட பாடு அண்ணிக்குத் தெரியும், அவர் பிறந்த ஊர் அந்தப் பக்கம். தொழில் போய், பிள்ளையைப் பறிகொடுத்து, கையில் நிவாரணக் காசோடு வேலையில்லாமல் உட்கார்ந்த ஆண்கள் குடித்தார்கள், அடி பெண்கள் மேல் விழுந்தது. அவர் கைதட்டியது அதனால்தான். ஆனால் ஸ்கூலில் அறைக்கா பஞ்சம்? ஒரு வகுப்பை அதற்குத் தனியாக ஒதுக்கு, இரண்டு ஆண்கள் முறைபோட்டுக் காவல் இருக்கட்டும். துரத்தினால் அவன் தண்ணீருக்குள் போவான், இல்லை மறுபடி கடைக்குப் போவான், இரண்டு வழியிலும் கடைசியில் அவன் பெண்டாட்டிதான் தேடிக்கொண்டு ஓட வேண்டும்.

இன்னொன்றையும் அண்ணன் எழுதச் சொன்னார், நானாக இருந்தால் விட்டிருப்பேன். மிக்ஜாமில் முகாமில் இருந்தவரைக்கும் அவர் தொடவில்லை. குடியை விட்டு மூன்று வருஷம் எட்டு மாதம் ஆகியிருந்தது. தண்ணீர் வடிந்து, சேறு அள்ளி, நனைந்த கட்டிலையும் ஃபிரிட்ஜையும் தெருவில் போட்டு, ரேஷன் கடையில் ஆறாயிரம் ரூபாய் வாங்கி வந்த அன்றைக்குத்தான் குடித்தார். ஏன் என்று கேட்டேன். “வெள்ளத்துல எல்லாரும் கூட இருந்தாங்க, அப்புறம் வீட்டுக்கு வந்தா யாருமே இல்ல” என்றார். அவருடைய ஏ.ஏ. மீட்டிங், அதாவது குடியை விட நினைப்பவர்கள் ஒன்றுகூடிப் பேசுகிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம், நடக்கிற இடத்திலும் தண்ணீர் புகுந்து மூன்று வாரமாகக் கூட்டம் இல்லை. பத்தொன்பது நாள் குடித்தார். அப்புறம் அவருடைய ஸ்பான்சர், அதாவது அந்தக் கூட்டத்தில் அவருக்குத் துணையாக இருக்கிற பழைய ஆள், நேரிலேயே வந்து கூட்டிக்கொண்டு போனார். காசு கொடுக்கக் கூடாது என்று சிலர் பேசுவார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை, அந்தக் காசில்தான் அண்ணி அடுப்பு வாங்கினார். ஆனால் உன் ஆட்கள் முகாம் மூடியதும் வீட்டுக்குப் போய்விடுகிறீர்கள். இந்தத் தடவை ஒரு மாதம் கழித்து ஒரு சுற்று வாருங்கள், வெறுங்கையோடு வந்தாலும் பரவாயில்லை.

அந்தப் பெரியவர் இப்போது எப்படி என்று கேட்பாய். எனக்குத் தெரிந்து இன்னும் குடிக்கிறார், கொஞ்சம் குறைவாக. உன் ஜெர்க்கின் அவரிடம்தான் இருக்கிறது.

போர்டு விஷயமாக ஒருநாள் வீட்டுக்கு வா, அண்ணனோடு உட்கார்ந்து பேசி வேற வாசகம் எழுதுவோம், பெயின்ட் அவரே அடித்துத் தருவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், மீட்டிங்குக்குப் போய்விடுவார்.

அன்புடன்
அக்கா