பூட்டன் இறந்தது 1877-லதான் மக்களே

மக்களே,

ஃபேமிலி ட்ரீல போட பூட்டன் இறந்த வருஷம் கேட்டேல்லா, இப்போ உறுதியாச் சொல்லுதேன், 1877. நம்ம வீட்டு பைபிளுக்க கடைசிப் பக்கத்துல இருக்க 1878 தப்பு.

கல்லறைத் தோட்டத்துல கல்லை நல்லா கழுவிட்டு, இருட்டுன பொறகு மொபைல் டார்ச்சை பக்கவாட்டுல சாய்ச்சுப் பிடிச்சேன், அப்பதான் எழுத்துல நிழல் விழுந்து தெரிஞ்சுது, கொல்லம் ௲௫௰௩ புரட்டாசி, அதாவது 1053. நாகர்கோவில் பக்கம் அப்போ திருவிதாங்கூர்லா, அதனால கொல்லம் ஆண்டுதான். ஆவணி 1-க்கு வருஷம் மாறும், அதனால இங்கிலீஷ் வருஷம் கண்டுபிடிக்க, ஆவணில இருந்து டிசம்பர் முடியற வரைக்கும் கொல்லம் ஆண்டோட 824 கூட்டணும், ஜனவரிக்குப் பொறகுதான் 825. பைபிள்ல எழுதினவங்க எல்லாத்துக்கும் 825-ஐக் கூட்டி வச்சிருக்காங்க, ஒரு வருஷம் தள்ளிப்போச்சு.

சபை அடக்க ரிஜிஸ்டர்லயும் பாத்துட்டேன், 1877 அக்டோபர் 4, வாந்திபேதி, வயசு 35. கல்லுல வயசு 40-ன்னு இருக்கு, அதைப் பெருசா எடுக்காதே, அந்தக் காலத்துல யாரு பொறந்த தேதி எழுதி வச்சா, பக்கத்துல நின்னவங்க சொன்னதுதான் வயசு. இன்னொண்ணு, ரிஜிஸ்டர்ல இருக்கது அடக்கம் பண்ணின தேதி. வாந்திபேதின்னா அன்னைக்கே எடுத்திருப்பாங்க, ஆனாலும் நீ அடக்கம்னே போடு.

ஒரு வருஷத்துல என்ன இருக்குன்னு நினைக்காதே மக்களே. எங்க பாட்டா, அதாவது பூட்டனுக்க மகன், பொறந்தது 1877 டிசம்பர், ஞானஸ்நானம் 1878 ஜனவரி. அந்த ரிஜிஸ்டர்ல அப்பா பேருக்கு முன்னால காலஞ்சென்றன்னு எழுதியிருக்கு. பூட்டன் பிள்ளையைத் தோள்ல போட்டுட்டு கோயிலுக்குப் போனாருன்னு கேட்டுக் கேட்டுத்தான் நாங்க எல்லாரும் வளந்தோம், ஆனா அந்த மனுசன் பிள்ள முகத்தையே பாக்கல. பூட்டி ஏழு மாச வயித்தோட அவரை அடக்கம் பண்ணியிருக்கா, பிள்ளைய ஒத்தைக்கு வளத்து ஆளாக்கியிருக்கா. அவ பேரை ட்ரீல சும்மா மனைவின்னு போட்டு விட்டுராதே, தனிப் பெட்டி போட்டு இதெல்லாம் எழுது.

அவளுக்க கல்லறை இங்க இல்ல, அவ பொறந்த ஊரு சபையில கேக்கணும். பழைய ரிஜிஸ்டரெல்லாம் செல்லரிச்சிட்டு வருது, போதகர் அனுமதி தந்தா பக்கம் பக்கமா போட்டோ எடுக்கலாம், என் போன்ல மங்கலாத்தான் விழுது. லீவுக்கு வரும்போது உன் கேமராவக் கொண்டா.

அப்பா