‘பவர்’ மாத்திரைக் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழின் மருத்துவக் கட்டுரையில் ஆன்டிபயாடிக்குகளை ‘லேசானது’, ‘பவர் கூடியது’ என்று வரிசைப்படுத்தி, அசித்ரோமைசினை லேசான பக்கம் வைத்திருந்தீர்கள். மருந்துக் கடைகளில் “இது கேட்கல, இதைவிட பவரா ஒண்ணு குடுங்க” என்று கேட்பவர்களுக்கு அந்த வரிசை தோதாகிவிடும். மருந்து பாக்டீரியாவின் எந்தப் பகுதியைத் தாக்குகிறது, அந்தப் பகுதி இந்தக் கிருமியிடம் இருக்கிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

உண்ணிக் காய்ச்சலை (ஸ்க்ரப் டைபஸ்) பாருங்கள். அதை உண்டாக்கும் பாக்டீரியா நம் செல்லுக்குள்ளேயே தங்கிப் பெருகுவது. அதன் செல்சுவர் பேருக்குத்தான். பெனிசிலின், செஃப்ட்ரியாக்சோன், மெரோபெனம் ஆகிய பீட்டாலாக்டம் மருந்துகளோ, செல்சுவரைப் பின்னிக் கட்டும் நொதியில் ஒட்டிக்கொண்டு அந்த வேலையை நிறுத்துபவை. பின்னல் விட்டுப்போன சுவர் உள்ளழுத்தம் தாங்காமல் வெடிக்கும். தாக்கும்படியான சுவரும் இல்லாமல், மருந்து நம் செல்லுக்குள் சரியாக நுழையவும் முடியாதபோது, நாள்கணக்கில் செஃப்ட்ரியாக்சோன் ஊசி போட்டாலும் காய்ச்சல் இறங்காது. பெரியவர்களுக்கு டாக்சிசைக்ளின் 100 மி.கி. காலையும் இரவும் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் இறங்கிவிடும். விலையோ மிகக் குறைவு. அது செல்லுக்குள் புகுந்து, பாக்டீரியாவின் புரதப் பட்டறையான ரைபோசோமின் 30எஸ் பகுதியில் உட்கார்ந்து, புரதம் உருவாவதைத் தடுக்கிறது. அசித்ரோமைசின் பிடிப்பது 50எஸ் பகுதியை. தீவிர உண்ணிக் காய்ச்சலில் இரண்டையும் சேர்த்து நரம்பு வழியாகக் கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிடப் பலன் தருகிறது என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் முன்னின்று நடத்தி 2023இல் வெளியான ஆய்வு காட்டியது. அக்குள், தொடையிடுக்கு, மார்புக்கு அடியில், இடுப்பில், உண்ணி கடித்த இடத்தில் சிகரெட் சுட்டதுபோல வலியில்லாத கருப்புப் பொருக்கு இருக்கிறதா என்று துணியை விலக்கிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். அதைப் பார்க்காமல்தான் ஊசி மேல் ஊசி ஏறுகிறது.

டாக்சிசைக்ளினை வாங்கித் தின்றும் கெடுக்கலாம். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரை, நெஞ்செரிச்சல் மருந்து எதையும் அதோடு சேர்க்கக் கூடாது. குடலிலேயே பிணைந்து வீணாகும். ஒரு மிடறு தண்ணீரில் விழுங்கிவிட்டுப் படுத்தால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் குடித்து, அரை மணி நேரமாவது உட்கார்ந்திருக்க வேண்டும்.

செஃபலோஸ்போரின் வகை ஆன்டிபயாடிக்குகளுக்குச் சொல்லும் ‘தலைமுறை’யும் பவர் கணக்கில் வராது. மூன்றாம் தலைமுறை என்று செஃபிக்ஸிமைத் தோலில் வரும் சீழ்க்கட்டிக்கு வாங்குகிறார்கள். கட்டிக்கு வழக்கமான காரணமான ஸ்டாஃபிலோகாக்கஸ் மீது அதற்குப் பிடிப்பு மிகக் குறைவு. முதல் தலைமுறை செஃபலெக்சின் அங்கே எவ்வளவோ மேல்.

இன்னொன்று, 625 மாத்திரை. அதில் அமாக்சிசிலின் 500, கிளாவுலனிக் அமிலம் 125 மி.கி. இந்த அமிலம் தானாகக் கிருமியைக் கொல்வதில்லை. அமாக்சிசிலினை உடைக்க பாக்டீரியா விடும் நொதியை மடக்குவது அதன் வேலை. 375இல் 250உம் அதே 125உம் இருக்கின்றன. “ஸ்டாக் இல்லை, 375இல் ரெண்டு போடுங்க” என்றால் அமாக்சிசிலின் சரியாகிவிடும், கிளாவுலனிக் 250 ஆகிவிடும். வயிற்றுப்போக்கு வந்ததும் “மருந்து ஒத்துக்கல” என்று பாதியில் நிறுத்துவது இப்படித்தான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜென்டாமைசின், அமிகாசின் பாக்டீரியாவுக்குள் நுழைய ஆக்சிஜன் தேவை. ஆகவே ஆக்சிஜன் இல்லாத இடத்துச் சீழில் உதவாது. மெட்ரோனிடசோல் நேர்மாறு, அங்கேதான் வேலை செய்யும். சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் டி.என்.ஏ. முறுக்கைச் சீராக்கும் நொதிகளை முடக்குகின்றன. லீவோஃப்ளாக்சசின் காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்குவதால், சளிப் பரிசோதனை செய்யாமல் நாள்பட்ட இருமலுக்கு அதைக் கொடுத்தால் காசநோய் சில வாரம் மறைந்து நின்றுவிட்டுப் பிறகு வெளிப்படும்.

வரிசைதான் வேண்டுமென்றால் உலக சுகாதார நிறுவனம் 2017 முதல் வெளியிட்டுவரும் மூன்று பிரிவுகளைப் போடுங்கள்: முதலில் எடுக்க வேண்டியவை, கண்காணித்துத் தர வேண்டியவை, ஒதுக்கிவைக்க வேண்டியவை. அதில் அமாக்சிசிலின்-கிளாவுலனிக், டாக்சிசைக்ளின் முதல் பிரிவில் இருக்கின்றன. நீங்கள் லேசானது என்று எழுதிய அசித்ரோமைசின் இருப்பது இரண்டாவதில், செஃப்ட்ரியாக்சோனுடன்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர், திண்டுக்கல்