துண்டு போட்டால் நாற்காலி சொந்தமாகிவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பரீட்சை லீவில் குடும்பத்தோடு சென்னையிலிருந்து சொகுசுக் கப்பலில் இலங்கை போய்வந்தோம். ஈரோட்டில் ரயில் ஏறியதிலிருந்தே அம்மாவுக்கு ஒரே ஆசைதான், மேல்தளத்து நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்து கடலைப் பார்க்க வேண்டும். காலை 7 மணிக்குப் போனால் எல்லா சாய்வு நாற்காலியிலும் துண்டு, செருப்பு, கண்ணாடிக்கூடு. ஆள் மட்டும் இல்லை. 9 மணிக்கும் அப்படியே. முழங்கால் வலியோடு நின்ற அம்மா "விடு கண்ணு, ரூமுக்கே போயரலாம்" என்றபோது எனக்கு ஆத்திரமாக வந்தது. ஊழியரிடம் சொன்னேன், கையைப் பிசைந்தார்.

கோபி பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிப்பது நமக்குப் பழக்கம்தான். ஆனால் போட்டவர் ரெண்டு நிமிஷத்தில் ஏறி உட்கார்ந்துவிடுவார். இங்கே துண்டைப் போட்டுவிட்டுத் தூங்கி, டிபன் சாப்பிட்டு, அப்புறம் 11 மணிக்கு வருகிறார்கள்.

கார்னிவல் நிறுவனக் கப்பல்களில் ஆளில்லாத நாற்காலியில் ஊழியர் நேரம் குறித்துச் சீட்டு ஒட்டுவார், 40 நிமிடத்தில் யாரும் வராவிட்டால் பொருள்களை எடுத்து வைத்துவிட்டு அடுத்தவருக்கு விட்டுவிடுவார்கள். ராயல் கரீபியனில் 30 நிமிடம். பாத்ரூம் போகவோ குழந்தைக்கு உடை மாற்றவோ எழுந்தவருக்கு அது தாராளம். சென்னையிலிருந்து போகும் கப்பல்களிலும் இந்த விதி வேண்டும், எழுதி வைத்தால் மட்டும் போதாது, ஊழியர் எடுக்கவும் வேண்டும். சரி, அதுவரைக்கும் நம்ம ஊர்க்காரர்களாவது சாப்பிடப் போகும்போது துண்டையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்க.

– ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்