முதலில் பேட், அப்புறம்தான் டிஸ்க்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஸ்போர்ட்ஸ் காருக்குப் புது பிரேக் டிஸ்க்கும் (சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டு) பேடும் (அதை அழுத்திப் பிடிக்கும் உராய்வுக் கட்டை) வாங்குவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இன்ஜினுக்கும் எக்ஸாஸ்டுக்கும் பக்கம் பக்கமாக இடம் கிடைக்கும் காலத்தில் பிரேக்கைக் கையில் எடுத்ததற்கு முதலில் நன்றி. ஆனால் கட்டுரை டிஸ்க்கில் தொடங்கி டிஸ்க்கிலேயே முடிந்துவிட்டது. ஓட்டை போட்டதா, மேல்பரப்பில் காடி (நீள் பள்ளம்) வெட்டியதா, இரண்டும் சேர்ந்ததா என்று விரிவாக எழுதியவர், பேடுக்கு ஒரே ஒரு பத்திதான் ஒதுக்கியிருக்கிறார். வாங்கப் போகிறவர் யோசிக்க வேண்டிய வரிசை இதற்கு நேர் எதிர் என்பது என் உறுதியான கருத்து.

காலை வைத்தவுடன் கார் எப்படிப் பிடிக்கிறது, சூடேறிய பிறகும் அதே பிடி இருக்கிறதா, இரண்டையும் பெரும்பாலும் தீர்மானிப்பது பேட்தான். ஒவ்வொரு பேடுக்கும் அது நன்றாக வேலை செய்யும் வெப்ப எல்லை ஒன்று உண்டு. பந்தயத்துக்கென்றே செய்த பேட் நன்றாகச் சூடேறினால்தான் முழுப் பிடியைக் காட்டும். குளிர்ந்திருக்கும்போது வழுக்கும், கிறீச்சிடும், டிஸ்க்கையும் தின்னும். சாதாரண ரோட்டுப் பேட் முதல் மிதியிலேயே பிடிக்கும், ஆனால் டிராக்கில் சில சுற்றுகள் விரட்டினால் எல்லை தாண்டிக் கைவிட்டுவிடும். இரண்டு முனையையும் முழுதாகத் தரும் பேட் கிடையாது. அதனால் கடைக்காரரிடம் 'எது பெஸ்ட்' என்று கேட்பதில் பலன் இல்லை. இந்தக் கார் எங்கே, எவ்வளவு வேகத்தில், எத்தனை முறை தொடர்ந்து பிரேக் பிடிக்கப்படும் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். வாரம் முழுக்க ரோட்டிலும் எப்போதாவது டிராக்கிலும் ஓட்டுபவர் இரண்டு செட் பேட் வைத்துக்கொள்வது நல்லது. பின்னைத் தட்டி எடுத்தாலே பேட் வெளியே வந்துவிடும் கேலிப்பர் (பேடைத் தாங்கி டிஸ்க்கின் மேல் அழுத்தும் பாகம்) என்றால் அது பெரிய வேலையும் இல்லை. ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: பேடின் கலவை மாறும்போது டிஸ்க்கின் மேல் படிந்திருக்கும் மெல்லிய படலமும் மாற வேண்டும். பேடை மாற்றிய ஒவ்வொரு முறையும் அந்தப் படலத்தை மறுபடி படிய வைக்காமல் வேகம் எடுக்கக் கூடாது.

இனி, கட்டுரை பரிந்துரைத்த ஓட்டை டிஸ்க். அந்தக் காலத்துப் பேடுகளில் பிசின் சூட்டில் வாயுவாகக் கிளம்பும். பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும் அந்த வாயு வெளியேறத்தான் ஓட்டைகள் வந்தன. இன்றைய பேடுகளில் அந்தத் தொல்லை பெருமளவு குறைந்துவிட்டது. மழையில் தண்ணீர் சீக்கிரம் விலகும், எடை கொஞ்சம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் குறைகிற எடை, வெப்பத்தை உள்வாங்க வேண்டிய இரும்பு அல்லவா? போர்ஷே போன்ற கம்பெனிகள் ஓட்டை டிஸ்க்கோடு கார் விற்கின்றன. அது கணக்குப் போட்டு வடிவமைத்தது, ரோட்டுக்குப் போதுமானதும்கூட. அதே காரை அடிக்கடி டிராக்கில் ஓட்டினால் ஓட்டையின் விளிம்பிலிருந்து முடி போன்ற விரிசல்கள் கிளம்பும். கழற்றிய டிஸ்க்கைத் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, ஓட்டைகளின் ஓரமாக நகத்தை இழுத்துப் பாருங்கள். நகம் மாட்டினாலோ, ஒரு விரிசல் அடுத்த ஓட்டையை எட்டினாலோ, டிஸ்க்கின் வெளி விளிம்பைத் தொட்டாலோ அந்த டிஸ்க்கைத் திரும்ப மாட்டவே கூடாது. மலிவான டிஸ்க்கை வாங்கி அழகுக்காகத் துளை போட்டு விற்பவர்களின் சரக்கில் இந்த விரிசல் இன்னும் சீக்கிரம் வரும். டிராக்குக்குக் காடி வெட்டியது, ரோட்டுக்கு ஓட்டையும் காடியும் இல்லாத, நடுவில் காற்று போகிற சாதா டிஸ்க் என்பதே என் தேர்வு.

பெரிய டிஸ்க் போட்டால் கார் சீக்கிரம் நிற்கும் என்று கட்டுரை சொன்ன வரிக்கும் திருத்தம் தேவை. இப்போதிருக்கும் பிரேக்கே ஏபிஎஸ்ஸை (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) வேலை செய்ய வைக்கிறது என்றால், ஒரே ஒரு முறை நிற்பதற்கான தூரத்தை அதற்கு மேல் முடிவு செய்வது டயரின் பிடி. பெரிய டிஸ்க்கின் லாபம், திரும்பத் திரும்பப் பிடிக்கும்போது சூட்டைத் தாங்குவதில்தான். 1,500 கிலோ எடையுள்ள காரை 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிறுத்தும்போது ஏறத்தாழ 580 கிலோஜூல் ஆற்றல் வெப்பமாகிறது. வேகம் 200 ஆனால் அது நான்கு மடங்கு, அதாவது 2,300 கிலோஜூலுக்கும் மேல். 1953இல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஜாகுவார் சி-டைப் டிஸ்க் பிரேக்கோடு வென்றபோது டிரம் பிரேக் கார்களுக்கு எதிராக அதற்கு இருந்த பலமும் இதுதான்: சுற்றுக்குச் சுற்று பிடி மாறாமல் இருந்தது.

கட்டுரை தொடாத ஒன்று உண்டு. டிஸ்க்கின் இரண்டு தகடுகளுக்கு நடுவே உள்ள தடுப்புகள் வளைந்திருந்தால் இடது வேறு, வலது வேறு. சுழலும்போது மையத்தில் காற்றை இழுத்து வெளியே வீச வேண்டும் என்பதால், உள்ளிருந்து வெளியே போகப் போக அந்தத் தடுப்புகள் சுழற்சிக்குப் பின்பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும். பலர் மேலே தெரியும் காடியின் சாய்வைப் பார்த்து மாட்டிவிடுகிறார்கள். காடியின் திசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பார்க்க வேண்டியது உள்ளே இருக்கும் தடுப்பை. டிஸ்க்கில் இடது, வலது என்று குறித்திருந்தால் அதன்படியே மாட்டுங்கள்.

அப்புறம் 'டிஸ்க் பெண்ட் ஆயிடுச்சு' என்ற தீர்ப்பு. பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் ஆடினால் உடனே இதைச் சொல்லிப் புது டிஸ்க்கை வாங்க வைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் டிஸ்க் வளைந்திருக்காது. பேடின் பொருள் ஓரிடத்தில் கூடுதலாக ஒட்டியிருக்கும், அல்லது ஹப்பில் (டிஸ்க் உட்காரும் சக்கர மையம்) இருந்த துருவைத் தேய்க்காமல் மாட்டியதால் டிஸ்க் துளி சாய்ந்து ஓடி நாளடைவில் கனம் சீரில்லாமல் தேய்ந்திருக்கும். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்கு வித்தியாசம் வந்தாலே பெடலில் தெரியும். ஹப்பைச் சுத்தம் செய்வது, புது டிஸ்க்கின் எண்ணெய்ப் பூச்சைத் துடைப்பது, வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சால் ஒரே அளவில் முறுக்குவது, தயாரிப்பாளர் சொன்ன முறையில் பேடைப் படிய வைப்பது ஆகியவற்றைச் செய்தாலே இந்தத் தொல்லையில் பெரும்பகுதி வராது. நன்றாகச் சூடேறிய பிரேக்கோடு நின்றுகொண்டு பெடலை அழுத்தியே வைத்திருப்பதுதான் மோசம்; பேடின் அச்சு அந்த இடத்தில் அப்படியே பதிந்துவிடும். லேத்தில் சீவலாமா என்று கேட்பவர்கள் முதலில் டிஸ்க்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்ச கனத்தைப் படித்துவிட்டு மைக்ரோமீட்டர் வைத்து அளக்கட்டும்.

பிரேக் ஆயிலை ஒரு வரியில்கூடக் குறிப்பிடாததுதான் எனக்குப் பெரிய வருத்தம். டாட் 4 தர பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ்; ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155தான். டாட் 5.1இல் இது 260, 180. காற்றிலுள்ள ஈரத்தை அது தானாக உறிஞ்சும் என்பதால், எவ்வளவு உயர்ந்த பேட் போட்டாலும் பழைய ஆயில் கொதித்தால் பெடல் தரை வரை போய்விடும். பெடல் கெட்டியாக இருந்தும் கார் நிற்கவில்லை என்றால் பேட் சூடு தாங்கவில்லை. பெடலே பஞ்சாகிவிட்டால் ஆயில் கொதித்துவிட்டது. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பலர் தேவையில்லாத சாமான்களை வாங்குகிறார்கள்.

முன் சக்கரத்துக்கு மட்டும் காட்டமான பேட் போடுவதையும் நான் ஆதரிக்க மாட்டேன். முன், பின் விகிதம் கெட்டால் ஏபிஎஸ்ஸும் வண்டியின் நிலைப்பும் எதிர்பார்த்தபடி நடக்காது. மாற்று பேட்களுக்கான, ஐ.நா.வின் வாகன விதிகளில் ஒன்றான ஆர்-90, அவற்றின் பிடி ஒரிஜினலிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது என்று சொல்வது சும்மா அல்ல. ரோட்டில் ஓடும் காருக்கு அந்த முத்திரை உள்ள பேடைத் தேடுவது நல்லது.

ஆசிரியரிடம் ஒரு கோரிக்கை. அடுத்த முறை பேடுகளைச் சோதித்து வெளியிடும்போது, சூடேறிய பிறகு கிடைத்த நிற்கும் தூரத்தோடு, இரவு முழுக்க நின்ற காரின் முதல் மிதியில் கிடைத்த தூரத்தையும் அதே அட்டவணையில் பக்கத்துப் பத்தியில் போடுங்கள். எந்த டயர், டிஸ்க்கின் வெப்பம் எவ்வளவு, எந்த ஆயில் என்பதையும் சேருங்கள். அந்த அட்டவணை கையில் இருந்தால் வாசகர்கள் தங்கள் காருக்கு வேண்டியதைத் தாங்களே தேர்ந்தெடுத்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகர்