மால்தா தம்பிக்கும், கூட நின்ற எல்லாருக்கும்

அன்புள்ள குடியாத்தம் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

நேற்றோடு என் நண்பன், நம்ம போஸ்ட்மேனின் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. பந்தலைப் பிரித்துவிட்டார்கள். வாடகை நாற்காலிகளும் திரும்பிப் போய்விட்டன. இன்று காலை பிரஸ்ஸைத் திறந்து விளக்கேற்றிவிட்டு முதல் வேலையாக இதை எழுத உட்கார்ந்தேன்.

30 வருஷமாக இந்த ஊரில் நன்றி அறிவிப்பு அச்சடித்துக் கொடுக்கிறேன். "நேரில் வந்தும், தொலைபேசி வாயிலாகவும் ஆறுதல் கூறிய உற்றார் உறவினர் நண்பர்கள் அனைவருக்கும்" என்கிற வாசகம் எனக்கு மனப்பாடம். ட்ரெடில் மெஷினில் ஈய எழுத்தை ஒவ்வொன்றாகக் கோத்த காலத்திலும் அதுதான், இன்று கம்ப்யூட்டரிலும் அதுதான். பெயரும் தேதியும் மட்டும் மாறும். "அண்ணா, நன்றி நோட்டீஸ் நீங்களே போட்டுடுங்க" என்று தங்கச்சி சொன்னபோது சரிம்மா என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அவன் மனைவியை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். ஆனால் அந்த வாசகத்தை அவன் படத்துக்குக் கீழே போட மனசு வரவில்லை. அதனால்தான் இப்படி நீளமாக எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்ன நடந்தது, எத்தனை நாள் இழுத்தது என்பதெல்லாம் உங்கள் எல்லாருக்கும் தெரியும். அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பு இல்லை. அந்த மூன்று வாரமும் எங்களைத் தாங்கியவர்கள் பலர். இரவு 11 மணிக்கு ரத்தம் வேண்டும் என்றதும் பைக்கை எடுத்துக்கொண்டு வேலூருக்கு ஓடிவந்த இரண்டு கல்லூரிப் பையன்கள், வெயிட்டிங் காசு வாங்காமல் வாசலிலேயே காத்துக் கிடந்த ஆட்டோக்கார அண்ணன், பார்வை நேரம் முடிந்த பிறகும் "அஞ்சு நிமிஷம்" என்று உள்ளே விட்ட சிஸ்டர், தினமும் பஸ்ஸில் கஞ்சி கொடுத்தனுப்பிய பக்கத்து வீட்டு அக்கா, தூக்கிக்கொண்டு போனபோது காக்கி உடுப்போடு வந்து தோள் கொடுத்த தபால்காரர்கள், அழுகையை அடக்கிக்கொண்டு கண்ணீர் அஞ்சலி போஸ்டரை வடிவமைத்த என் பிரஸ் பையன். அன்று அந்தப் போஸ்டரைச் செய்ய என் கை வரவில்லை. இவர்கள் எல்லாருக்கும் அவன் குடும்பத்தின் சார்பிலும் என் சார்பிலும் கைகூப்பி நன்றி சொல்கிறேன். யார் பெயரையும் போடவில்லை. ஒருவரை விட்டுவிட்டால் காலத்துக்கும் எனக்கு உறுத்தும்.

ஆனால் ஒருவரைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்லியே ஆகவேண்டும். அவர் இந்த ஊர்க்காரர் இல்லை. இதை அவரால் படிக்கவும் முடியாது.

வார்டில் எங்கள் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர் இருந்தார். கூடத் துணைக்கு அவர் மகன், 30 வயது இருக்கும். வங்காளத்திலிருந்து வந்தவர்கள். வேலூருக்கு வைத்தியத்துக்கு அங்கிருந்து வருகிறவர்கள் எவ்வளவு பேர் என்று காந்தி ரோடு பக்கம் போனவர்களுக்குத் தெரியும். லாட்ஜ், ஓட்டல், மருந்துக்கடை போர்டுகளெல்லாம் வங்காள எழுத்தில் இருக்கும். அந்தப் போர்டுகளை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். அவர்கள் பாஷையில் ஒரு வார்த்தையும் கற்றுக்கொண்டதில்லை. அந்தத் தம்பிக்கும் தமிழ் தெரியாது. சொந்த ஊர் மால்தா என்று அவர் சொன்னது மட்டும் எனக்குப் புரிந்தது.

தினமும் காலையில் அவர் தன் அப்பாவுக்குச் சவரம் செய்வார். ஜிப் வைத்த ஒரு பழைய பை. அதற்குள் கத்தி, கத்தரி, சீப்பு, பிரஷ், ஒரு துண்டுப் படிகாரம். ஊரில் அவருடைய தொழிலே அதுதான் என்று கத்தியைப் பிடித்த பிடியிலேயே தெரிந்தது. என் நண்பன் திரும்பிப் படுத்து அதைப் பார்த்துக்கொண்டே இருப்பான். சும்மா பராக்குப் பார்க்கிறான் என்று நினைத்தேன். நான் மருந்துச் சீட்டு, ரசீது, டாக்டர் வருகிற நேரம் என்று அலைந்துகொண்டிருந்தேன். ராத்திரியில் நான், பகலில் தங்கச்சியும் பையனும் என்று மாறி மாறி இருந்தோம். மூவரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

உங்களுக்கு நினைவிருக்கும். நம்ம போஸ்ட்மேனை யாராவது தாடியோடு பார்த்திருக்கிறீர்களா? காய்ச்சலோ மழையோ, முகம் மழிக்காமல் அவன் தபால் பையைத் தொட்டதில்லை. "அடுத்தவன் வூட்டு வாசல்ல போய் நிக்கறவன் மூஞ்சி தொடச்சி வச்ச மாதிரி இருக்கணும்டா" என்பான். முதியோர் பென்ஷன் மணியார்டரில் வந்துகொண்டிருந்த நாட்களில் கிழவிகள் இவன் முகத்துக்காகத் திண்ணையில் காத்திருப்பார்கள். நோட்டை இரண்டு தரம் எண்ணிக் கையில் வைப்பான். கைநாட்டு வாங்கியதும் அவர்கள் விரலில் ஒட்டிய மையைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிடுவான். ஸ்டாம்ப் பேடு மை தீர்ந்தால் என்னிடம்தான் வருவான். 2021 நவம்பரில் மோர்தானா அணை நிரம்பி கௌண்டன்யா ஆற்றில் வெள்ளம் வந்தபோது, கரையோரத்துக்காரர்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்தைத் தேடிப்போய் அங்கேயே தபால் கொடுத்தான். அன்று சாயங்காலம் பிரஸ்ஸுக்கு வந்தான். செருப்பு வெள்ளத்தோடு போய்விட்டது. பேன்ட் முழங்கால் வரை சேறு. முகம் மட்டும் பளிச்சென்று இருந்தது. அதைப் பார்த்துச் சிரித்தவன் நான்தான்.

அப்படிப்பட்டவன் மூன்று வாரத் தாடியோடு கிடந்தான். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஒரு நாள் சாயங்காலம் அந்தத் தம்பி எங்கள் கட்டிலுக்கு வந்தார். தன் கன்னத்தைத் தடவிக் காட்டினார். அப்புறம் இவனைக் காட்டினார். 'செய்யட்டுமா?' என்பது போலப் புருவத்தைத் தூக்கினார். நான் சிஸ்டரைப் பார்த்தேன். அவர் போய் டாக்டரைக் கேட்டுவிட்டு வந்து, "மெதுவா, வெட்டுப்படாம" என்றார்.

எங்கள் பிளாஸ்கிலிருந்து வெந்நீர் கொடுத்தேன். புது பிளேடு ஒன்றை எங்கள் கண்ணெதிரே உறை பிரித்து, இரண்டாக உடைத்து, ஒரு பாதியைக் கத்தியில் செருகினார். மூக்கில் ஆக்சிஜன் குழாய். அதன் மேல் படாதபடி கழுத்தைச் சுற்றித் துண்டைச் செருகினார். பிரஷ்ஷால் சோப்பைத் தடவத் தடவ இவன் கண்ணை மூடிக்கொண்டான். கன்னம் ரொம்ப ஒட்டிப்போயிருந்தது, கத்திக்குப் பிடிமானம் இல்லை. தம்பி தன் கன்னத்தை உப்பிக் காட்டினார். இவனும் குழந்தை மாதிரி உப்பினான். காற்று நிற்கவில்லை. திரும்பவும் உப்பிக் காட்டினார். திரும்பவும் உப்பினான். மூக்குக்குக் கீழே வந்தபோது சுண்டுவிரலால் குழாயை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தன் மூச்சை அடக்கியபடி இரண்டே இழுப்பில் முடித்தார். ஒரு பொட்டு ரத்தம் வரவில்லை. படிகாரத்தை நனைத்துத் தேய்த்தார். அப்புறம் நம்மூர் சலூனில் செய்கிற மாதிரியே நெற்றிப்பொட்டு இரண்டையும் கட்டைவிரலால் அமுக்கிவிட்டார். கண்ணாடி இல்லாததால் செல்போனைச் செல்ஃபிக்குத் திருப்பி அவன் முகத்துக்கு நேரே பிடித்தார்.

ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தாதா, டிக் ஆச்சே?" என்றார் தம்பி.

"ஆச்சு தம்பி, ஆச்சு" என்றான் இவன். என் பக்கம் திரும்பி, "டேய், என்னைத் தாத்தான்றான்டா" என்று சொல்லிச் சிரித்தான். சத்தம் வரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. அவன் என்னோடு சிரித்துப் பேசியது அதுதான் கடைசி. அன்று ராத்திரியே போய்விட்டான்.

நான் 200 ரூபாயை நீட்டினேன். அந்தத் தம்பி வாங்கவில்லை. என் விரல்களை மடக்கி, நோட்டை என் கைக்குள்ளேயே வைத்து மூடினார். ஏதோ சொன்னார், புரியவில்லை. தன் அப்பா படுத்திருந்த பக்கம் கை காட்டிவிட்டு, பிரஷ்ஷைக் கழுவப் போய்விட்டார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தியபோது தங்கச்சி முதலில் தொட்டது அவன் கன்னத்தைத்தான். "யாருண்ணா ஷேவ் பண்ணிவிட்டது?" என்று கேட்டது. அவ்வளவு அழுகைக்கு நடுவிலும் அதைக் கேட்டது. பார்க்க வந்த எத்தனையோ பேர், "தூங்கற மாதிரியே இருக்காருப்பா, டியூட்டிக்குக் கிளம்பிடுவார் போல" என்றார்கள். அவன் எப்படி இருக்க ஆசைப்படுவானோ அப்படியே இந்த ஊர் அவனைக் கடைசியாகப் பார்த்தது. அதற்கு ஆயிரம் மைல் தள்ளியிருந்து ஒருவர் வரவேண்டியிருந்தது.

46 வருஷம். 1979-ல் ஆறாம் வகுப்பில் ஒரே பெஞ்சு. ஒவ்வொரு வைகாசி முதல் தேதியும் தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து கெங்கையம்மன் சிரசு, அதாவது அம்மன் தலை, ஊர்வலமாகப் புறப்படும்போது நாங்கள் இரண்டு பேரும் கூட்டத்துக்குள் இருப்போம். சின்ன வயசில் ஒரு தரம் அந்த நெரிசலில் கால் தடுக்கி விழுந்தேன். என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து ஒரு கடைத் திண்ணையில் ஏற்றினான். அதிலிருந்து ஒவ்வொரு வருஷமும், நரை வந்த பிறகும், கோபாலபுரம் போய்ச் சேரும்வரை என் மணிக்கட்டை விடமாட்டான். வேலை முடிந்ததும் சாயங்காலம் 5 மணிக்குச் சைக்கிளை நிறுத்திவிட்டு பிரஸ்ஸுக்குள் வருவான். ப்ரூப்பை எடுத்து வைத்துக்கொண்டு பிழை பார்ப்பான். முகவரியில் பின்கோடு விட்டுப்போயிருந்தால் விடவே மாட்டான். அவனைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். அவனுக்கு என்ன வேண்டும் என்று பக்கத்துக் கட்டில் தம்பிக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு வார்த்தை பேசாமல், பார்த்தே தெரிந்துகொண்டிருக்கிறார். எனக்கு அது வலிக்கிறது. அதைவிடப் பெரிதாக, அவரைக் கும்பிட வேண்டும் போல இருக்கிறது.

மூன்றாம் நாள் முடிந்ததும் வேலூருக்குப் போனேன். அந்தக் கட்டிலில் வேறு யாரோ இருந்தார்கள். பெரியவரை டிஸ்சார்ஜ் செய்துவிட்டார்களாம், நடந்தே போனாராம். அதைக் கேட்க நிம்மதியாக இருந்தது. லாட்ஜ் லாட்ஜாக விசாரித்ததில் நான்காவது இடத்தில் தெரிந்தது. முந்தின நாளே காலி செய்துவிட்டு, காட்பாடியில் ஹவுரா ரயில் ஏறிவிட்டார்கள். அங்கே மேனேஜராக இருக்கும் நம்மூர்ப் பக்கத்துக்காரரிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். அந்தக் குடும்பத்தோடு போனில் பேசும்போது என் நன்றியைச் சொல்லிவிடுவதாக ஒப்புக்கொண்டார். கிளம்பும்போது, "அந்தத் தம்பி அவனைத் தாத்தா என்று கூப்பிட்டார் சார், அவனுக்கு 57 வயசுதான்" என்றேன்.

"தாத்தா இல்லைங்க, தாதா. அவங்க பாஷையில அண்ணன்னு அர்த்தம்" என்றார்.

அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். இதைக் கேட்டால் அவன் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பான்!

அன்று ஒன்று முடிவு செய்தேன். என் கையில் இருப்பது அச்சு வேலை ஒன்றுதான். பாஷை தெரியாமல் நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் வந்து தவிக்கிறவர்களுக்காக, சட்டைப் பையில் வைத்துக்கொள்கிற அளவில் ஒரு சின்ன அட்டை அடிக்கப்போகிறேன். ஒரு பக்கம் வங்காளம், மறுபக்கம் தமிழ். ஜோல் என்றால் தண்ணீர். ரொக்தோ என்றால் ரத்தம். கொத்தோ என்றால் எவ்வளவு. வலி, பசி, மருந்துக்கடை, பஸ் ஸ்டாண்டு என்று இப்படி 40 வார்த்தை வரும். வங்காள எழுத்தை அந்த மேனேஜரே ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார். முதலில் 500 அடித்து லாட்ஜ்களில் வைக்கிறேன். தீர்ந்தால் திரும்ப அடிப்பேன். காசு கிடையாது. நான் இருக்கிறவரை இது நிற்காது.

ப்ரூப் தயாராக இருக்கிறது. முதல் வரியில் 'தாதா – அண்ணன்' என்று போட்டிருக்கிறேன். பிழை பார்க்கத்தான் ஆள் இல்லை. ராணுவத்திலோ ரயில்வேயிலோ இருந்து வங்காளம் படிக்கக் கற்றவர்கள் நம் ஊரில் யாராவது இருந்தால் பிரஸ்ஸுக்கு வந்து ஒரு தரம் பார்த்துக் கொடுங்கள். எந்த நேரம் வந்தாலும் சரி. சாயங்காலம் 5 மணிக்குக் கட்டாயம் இருப்பேன். அவன் வருகிற நேரம் அது.